சிறப்பு விருந்தினருக்கு ஒரு படம்

"படம் நல்லாத்தான் இருக்கு. இந்தக் காசுக்கு ஒரு மிக்சி வாங்கிடலாமே" என்று யாரோ சொல்லிக்கொண்டு போனது பூங்கோதையின் காதில் விழுந்தது. குடியிருப்புச் சங்கத்தின் ஓவியச் சந்தையில் காலையிலிருந்து அவளுக்கு ஒரு படமும் விற்கவில்லை.

மதியம் சங்கத் தலைவர் சடகோபன் வந்து, மழையில் பேருந்துக்காக நிற்கும் பெண்களின் படத்தைக் காட்டினார். அவள் நான்கு மாதம் உட்கார்ந்து வரைந்தது அது.

"இதைச் சிறப்பு விருந்தினருக்கு நினைவுப் பரிசாக் குடுத்துடும்மா. மேசையை இலவசமாத்தானே போட்டுக் குடுத்தோம்? அடுத்த வருஷமும் வேணும்ல?"

பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டாள். "சரிங்க சார். மேடையில படிக்கிற சீட்டை நான் எழுதித் தரட்டுமா?"

"எழுது, எழுது. என் பேரு முதல்ல வரணும்."

முதலில்தான் வந்தது. "நம் தலைவர் சடகோபன் அவர்கள், தம் சொந்தப் பணம் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய இந்த ஓவியத்தை..." என்று அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் படித்ததும் கூட்டம் கைதட்டியது. விருந்தினர் எழுந்து அவர் கையைக் குலுக்கினார். கீழே இறங்கியதும் சங்கத்தார் சூழ்ந்துகொண்டு பாராட்ட, அவர்கள் எதிரிலேயே சடகோபன் செல்பேசியில் பூங்கோதைக்குப் பணத்தை அனுப்பினார்.

பணம் வந்தும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டச் சொல்லலாம் என்று விருந்தினரின் கார்வரை போனாள். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். டிரைவர் டிக்கியைத் திறந்து, உறை பிரிக்காத நாலைந்து நினைவுப் பரிசுகளை ஓரமாகத் தள்ளி, படத்தைக் குப்புற வைத்து மூடினார்.