எலுமிச்சை வேலிக்குச் சவரம்

அரண்மனையைச் சுற்றி எலுமிச்சை வேலி வைத்திருந்த ஒரு ஜமீன்தாருக்கு, கலெக்டர் வருகிறார் என்றதும் தலைகால் புரியவில்லை. கொட்டுகிற மழையில் தோட்டக்காரி பொன்னுருவியைக் கூப்பிட்டார்.

“நாளைக்குள்ள வேலியை வெட்டி நேராக்கு!”

“எசமான், வடக்கு மூலையில சொறி நோய் விழுந்திருக்கு. ஈரத்துல வெட்டினா கத்திரியே நோயை எல்லாச் செடிக்கும் ஒட்ட வச்சிடும். இலை காயட்டுமே.”

“வெட்டவும் வேணும், நோயும் பரவக்கூடாது. இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்லை!”

பொன்னுருவி தலையாட்டிவிட்டு, நேரே நாவிதர் மாடக்கண்ணுவிடம் போய்க் காதைக் கடித்தாள்.

சற்று நேரத்தில் ஜமீன்தார் ஒரு வாரத் தாடிக்கு நுரை பூசி உட்கார்ந்தார். ஒரு கன்னம் முடிந்தது. மாடக்கண்ணு அவர் கண்ணெதிரிலேயே பக்கத்தில் நின்ற காவல்காரனின் சொறி பிடித்த தாடையை மழித்துவிட்டு, கத்தி சொட்டச் சொட்ட மறு கன்னத்துக்கு வந்தார்.

“அடேய்!” ஜமீன்தார் நாற்காலியோடு துள்ளினார். “அதைக் கொதிக்க வச்சு, வெயில்ல காய வைக்காம என் பக்கம் வராதே!”

“என் கத்திரிக்கும் அதே உத்தரவுதானே எசமான்?” என்றாள் வாசலில் நின்ற பொன்னுருவி.

ஜமீன்தார் மறு கன்னத்து நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாளும் மழை விடவில்லை. குடை பிடித்து வந்த கலெக்டர், புதராய் மண்டிய வேலியையும் பாதித் தாடியோடு நின்ற ஜமீன்தாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன இது?”

“ரெண்டும் வெயிலுக்குக் காத்திருக்குங்க” என்றாள் பொன்னுருவி.