ரயிலடிக் குமாஸ்தா

"என் படங்களைப் பார்த்து ஊரே சிரிக்கிறது, அம்மா. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை," என்றார் வேதகிரி.

அலர்மேலம்மை அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் ஓவியத்தில் அவரைத்தான் குருவாக வரித்திருந்தார் வேதகிரி.

சென்னப்பட்டணத்துக்கு ரயில் வந்த புதிது. இரும்புத் தூண், புகை, கூட்டம் எல்லாம் வேதகிரியின் தூரிகைக்குள் அடங்கின. அவர் வரைந்த கேலிப்படங்கள் அச்சாகிக் கடைவாசல்களில் தொங்கின.

கையிலிருந்த படத்தை விரித்தார்.

ராயபுரம் ரயிலடியில் ஒரு குமாஸ்தா. தலையில் பாகை, மேலே வெள்ளைக்காரர் கோட்டு, கீழே வேட்டி. கழுத்து ஆமைபோல் கோட்டுக்குள் இழுபட்டிருந்தது.

"இவரோடு பேசினீரா?"

"பேச என்ன இருக்கிறது? பார்த்தாலே தெரிகிறதே."

அம்மை உள்ளே போய், தன் அண்ணனுடைய கோட்டை எடுத்துவந்தார்.

"நாளைக் காலை இதைப் போட்டுக்கொண்டு அங்கே நில்லும். பென்சில் வேண்டாம்."

நின்றார்.

சித்திரை வெயில். கழுத்துப்பட்டி அறுத்தது. முதுகில் வேர்வை வழிந்தது. பழக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேதகிரி தலையைக் குனிந்துகொண்டார்.

கோட்டுப் போட்ட ஒரு குமாஸ்தா பக்கத்தில் வந்து நின்றார்.

"உத்தியோகத்துக்குப் புதுசுங்களா?"

வேதகிரி கழுத்துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மேல் பொத்தானைக் கழட்டிவிடுங்க. துரை கூப்பிடறப்போ போட்டுக்கிட்டாப் போதும். எனக்கு இதைச் சொல்ல அன்னிக்கு ஆள் இல்லை."

அவரே கழற்றியும் விட்டார். வேதகிரிக்கு மூச்சு வந்தது.

"சிரிக்கிறாங்களே," என்றார் மெல்ல.

"அந்தப் பழக்காரியா? அவள் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாள். கடையில நம்மளைப் படம் போட்டுத் தொங்கவிட்டிருக்காங்க பாருங்க, அதை என் பொண்ணு பார்த்துட்டாள். அப்புறம் என்னோட கடைத்தெருவுக்கு வர்றதில்லை."

தூரத்தில் புகை தெரிந்தது. கூட்டம் நகர ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் கோட்டை மடித்து அம்மையின் முன்னால் வைத்தார் வேதகிரி.

"படம் போட்டவன் நான்தான் என்று அங்கே ஒரு குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"விறுவிறுவென்று போய் வண்டியில் ஏறிக்கொண்டார்."

"நீர்?"

"நானும் ஏறினேன். உட்கார இடமில்லை." வேதகிரி மடித்த கோட்டின் மேல் பொத்தானைத் தடவினார். "நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார், அம்மா."