கவிழ்ந்த டம்ளர்

காதைக் கொடுத்துக் கேளுங்கள், இரண்டாம் தடவை சொல்லமாட்டேன்.

திருச்சி பாலக்கரையில் மரியநாதன் என்றொருவர் சாகக் கிடந்தார். பிள்ளைகள் நான்கு. கடைக்குட்டி ஜெசிந்தாவுக்கு முப்பது வயது. பேச்சு வராது, எழுத்தும் தெரியாது. மற்ற மூவரின் கையையும் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பிறகு இவளுக்குன்னு மூணு பேரும் மாசாமாசம் போடணும். நான் போடுற அதே மியூச்சுவல் ஃபண்டுல. சத்தியம் பண்ணுங்க" என்றார். பண்ணினார்கள். இரண்டு தடவை இருமிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

மூத்தவன் சேசுராஜ் அமெரிக்காவில். அந்த ஃபண்ட் கம்பெனி அமெரிக்காவில் இருப்பவர்களிடம் பணம் வாங்குவதில்லை; விலாசத்தைப் பார்த்ததுமே விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது. அங்கேயே வேறொரு ஃபண்டில் போட்டு, தனக்குப் பிறகு ஜெசிந்தாவுக்கு என்று எழுதினான். அடுத்தவள் பிலோமினா துபாயில். துபாய்க்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குத் தொடங்கி, அதே ஃபண்டில் போட்டாள். தனக்குப் பிறகு பணத்தைப் பெறவேண்டிய நாமினி ஜெசிந்தா. வேலை போன மூன்று மாதம் மட்டும் போடவில்லை.

அமலன் திருச்சியிலேயே, அப்பாவின் வீட்டில். அவனுக்கென்ன, ஃபோனில் நாலு தட்டு. அதே ஃபண்ட், ஒரு மாதம் தவறவில்லை. நாமினி யார் என்று கேட்ட இடத்தில், எல்லா ஆம்பிளைகளும் செய்வதுபோல, யோசிக்காமல் பெண்டாட்டி பெயரைப் போட்டான்.

முதல் நினைவுநாள். பூசை முடிந்து மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"என்ன அண்ணே, சத்தியத்தையும் டாலரா மாத்திட்டீங்களா?" என்றான் அமலன்.

"வாயை மூடுடா. திருச்சியில உக்காந்திருந்தா நானும் அதுலதான் போட்டிருப்பேன்" என்றான் சேசுராஜ்.

"அண்ணனை விடு. மூணு மாசம் விட்டவ நான். அப்பா என்னையத்தான் கேப்பாரு" என்றாள் பிலோமினா.

ஜெசிந்தா காப்பி கொண்டுவந்தாள். அவரவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்கள், அப்பா வாங்கியவை. அவருடைய காலி நாற்காலிக்கு முன்னால் மூன்றையும் வரிசையாக வைத்தாள். இரண்டு தடவை இருமினாள். அது அவள் இருமல் இல்லை. பிறகு ஒரு டம்ளரை, நிறைந்த காப்பியோடு, அப்படியே தரையில் கவிழ்த்தாள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

சொல்லுங்கள், சத்தியம் தவறியது யார்? கவிழ்ந்த டம்ளரில் எந்தப் பெயர் வெட்டியிருந்தது?

விடை: அமலன். "அதே ஃபண்ட்" என்பது திருச்சியை விட்டு நகராத மனுஷன் சொன்ன வழி. நாட்டுக்கு நாடு அது மாறத்தான் செய்யும். "இவளுக்கு" என்றாரே, அதுதான் சத்தியம். விட்ட மூன்று மாதத்தைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். அமலன் நாளைக்கே கண்ணை மூடினால் ஜெசிந்தா யாரிடம் போய்க் கேட்பாள், எந்த வாயால்? அன்றே நாமினியை மாற்றினான். சாயங்காலம்தான் அந்த டம்ளரை நிமிர்த்தத் துணிச்சல் வந்தது. காப்பியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.