பத்துத் தப்படியில் ஒரு பானை

அந்தக் காலத்தில் நண்டு பேசும், மாடு பேசும், மனிதர்களுக்கும் அது புரியும். புரிந்து என்ன பயன்? எல்லோரும் ஒரே மொழியில் பேசிக்கொண்டே ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். அப்படி நடந்த குழப்பங்களில் ஒன்றுதான் இது.

ஆவாரங்குளம் என்று ஓர் ஊர். ஊருக்கு நடுவில் ஒரு கண்மாய். குளிப்பது, குடிப்பது, மாடு கழுவுவது எல்லாம் அந்தக் கண்மாயில்தான். வெயில் காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் குடிதண்ணீர்ப் பானையைக் கண்மாய்க் கரை ஈர மணலில் மூடியோடு புதைத்துவிடுவார்கள். தண்ணீர் ஓரத்திலிருந்து பத்துத் தப்படி எண்ணி வைத்துக்கொள்வார்கள். தாகம் எடுத்தால் மறுபடி பத்துத் தப்படி எண்ணித் தோண்டினால் போதும், பானை ஜில்லென்று கையில் வரும். இன்றுவரை ஒரு பானைகூடத் தொலைந்ததில்லை என்று அந்த ஊரில் ஒரே பெருமை.

ஒரு சித்திரை மாதம், அந்த ஊர் வெள்ளையனுக்குத் திடீரென்று கடல் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. விடியும் முன்னே வண்டி பூட்டினான். மனைவி காத்தாயி புளிச்சோறு கட்டினாள். ஆறு வயது மகள் சிட்டாள், இரண்டு வயதுத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். குடிக்க ஒரு பானை கண்மாய்த் தண்ணீர்.

"ஒரு பானை பத்துமாங்க?" என்று காத்தாயி கேட்டாள்.

"நாம போறதே தண்ணி பாக்கத்தானே? அங்க இல்லாத தண்ணியா?" என்றான் வெள்ளையன். வண்டி மாடுகூட அதை நம்பித் தலையாட்டியது.

கடற்கரைக்கு வந்தபோது நல்ல வெயில். கடல் தூரத்தில் கிடந்தது. வெள்ளையன் வண்டியைத் தாழம்புதருக்குப் பக்கத்தில் அவிழ்த்து நிறுத்தினான். பானையைத் தூக்கிக்கொண்டு நேரே தண்ணீர் ஓரத்துக்கு நடந்தான். அங்கிருந்து பத்துத் தப்படி எண்ணி, குழி தோண்டி, பானையை இறக்கி, மூடி வைத்து, மேலே மணலைத் தள்ளினான்.

"ஏங்க, இந்தத் தண்ணி வந்து வந்து போகுதே?" என்றாள் காத்தாயி.

"அது அலை. அலை வரும், போகும். கரை எங்க போகும்? நம்ம கண்மாய்த் தண்ணி ஒரு சாண் இறங்க ஒரு வாரம் ஆகுது. இம்மாம்பெரிய தண்ணி அரை நாள்ல எங்க போயிடும்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பக்கத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டி நண்டு இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. சிட்டாள் அதன் முன்னால் குந்தினாள்.

"நண்டு மாமா, நாங்க விளையாடிட்டு வர்ற வரைக்கும் எங்க பானையப் பாத்துக்குறீங்களா? தண்ணி ஓரத்துலேருந்து பத்துத் தப்படி. மறந்துடாதீங்க."

அதுவரை யாரும் அந்த நண்டை நம்பி ஒரு பொருளை ஒப்படைத்ததில்லை. அதற்குப் பெருமை தாங்கவில்லை. "நீ போய் விளையாடு தாயி. என் உயிர் போனாலும் பத்துத் தப்படி போகாது" என்றது. மனிதனுடைய பத்துத் தப்படியைத் தன் கால்களால் ஓடி அளந்து பார்த்தது. முந்நூற்றுப் பதினாறு. அந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது.

அவர்கள் குளித்தார்கள், கூச்சல் போட்டார்கள். தாழம்புதர் நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றார்கள். நண்டுக்கு மட்டும் மூச்சு விட நேரமில்லை. தண்ணீர் கொஞ்சம் ஏறும், நண்டும் ஏறி நின்று எண்ணும். தண்ணீர் கொஞ்சம் இறங்கும், நண்டும் இறங்கி எண்ணும். இருநூறு வரை வந்ததும் ஓர் அலை அடித்துக் கணக்கைக் குழப்பிவிடும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆனாலும் ஒரு கணம்கூட அது பத்துத் தப்படியை விட்டு நகரவில்லை.

புளிச்சோறு தின்றால் தாகம் எடுக்காமல் இருக்குமா? முதலில் மாடுதான் போய்க் கடலில் வாயை வைத்தது. வைத்த வேகத்தில் துப்பியது.

"யாருய்யா இதுல இவ்வளவு உப்பப் போட்டது?" என்று கத்தியது.

தம்பி "தண்ணி, தண்ணி" என்று அழ ஆரம்பித்தான். வெள்ளையன் சிரித்துக்கொண்டே எழுந்தான். "நம்ம பானை இருக்க, கடல் எதுக்கு?" தண்ணீர் ஓரத்திலிருந்து பத்துத் தப்படி எண்ணினான். சரியாக அந்த இடத்தில் நண்டு நின்றது.

"இதே இடம்தானே மாமா?" என்றாள் சிட்டாள்.

"இம்மி பிசகாது."

தோண்டினார்கள். பானை இல்லை. ஆழமாகத் தோண்டினார்கள். அப்போதும் இல்லை. அதற்குள் அலை வந்து குழியை மூடியது. வெள்ளையன் மறுபடி எண்ணினான். நண்டும் ஓடிப் போய்ப் புது இடத்தில் நின்றது. இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போனது. அங்கேயும் பானை இல்லை. மூன்றாவது குழி, நான்காவது குழி, ஐந்தாவது குழி. கணக்கில் ஒரு தப்பும் இல்லை, பானையைத்தான் காணோம்.

"நான் காலையில பெரிய தப்படி வச்சேனோ?" என்றான் வெள்ளையன்.

"பொதச்சீங்களா, இல்ல பொதச்சதா நெனச்சீங்களா?" என்றாள் காத்தாயி.

"முந்நூத்திப் பதினாறுதானா, முந்நூத்திப் பதினேழா?" என்று நண்டு தன்னையே கேட்டுக்கொண்டது. யாருக்கும் எதுவும் புரியவில்லை. ஏழாவது குழி தாழம்புதருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது.

அப்போதுதான் காத்தாயியின் குரல் மாறியது. "என்னங்க, தம்பி அழறத நிறுத்திட்டான்."

திரும்பிப் பார்த்தார்கள். தம்பி உதடு வறண்டு, கண் செருகி, அவள் தோளில் துவண்டு கிடந்தான். வெள்ளையன் ஓடி வந்து அவன் கன்னத்தைத் தட்டினான்.

சிட்டாள் மட்டும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பா, காலையில கடல் வண்டிலேருந்து எவ்வளவு தூரத்துல இருந்துச்சு! இப்போ சக்கரத்துக்குக் கிட்ட வந்துடுச்சே. வண்டிய யாரும் நகத்தலையே. அப்ப கடல்தானே நகந்திருக்கு?"

வெள்ளையன் கடலைப் பார்த்தான். கடலுக்குள் எங்கேயோ, அலைகளுக்கு அடியில், அவன் பானை கிடந்தது.

"கடல் நகரும்னு ஒனக்குத் தெரியாதா?" என்று நண்டின்மேல் பாய்ந்தான்.

"தெரியுமே! அது தினமும் நகருமே!" நண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தது. "தண்ணி நகந்தா பானையும் கூட நகராதா? சிப்பி நகருது, பாசி நகருது, நுரை நகருது, நானும்தான் நகருறேன். ஒங்க பானை மட்டும் வச்ச இடத்துல இருக்கும்னு எனக்கு யாரு சொன்னா?"

கரை நகராது என்று நம்பியவன் வெள்ளையன். எல்லாமே நகரும் என்று நம்பியது நண்டு. யார்மேல் கோபப்படுவது?

இவர்கள் இப்படி விழித்துக்கொண்டு நிற்க, பின்னால் சளக் சளக் என்று சத்தம். மாடு ஏழாவது குழியில் தலையை விட்டிருந்தது. குழியின் அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

"இதுல உப்பு இல்ல" என்றது மாடு, தலையைத் தூக்காமலே. மணல் மேட்டுக்கு அடியில் தங்கியிருந்த மழைத் தண்ணீர் அது.

காத்தாயி மாட்டைத் தள்ளிவிட்டுக் கையில் அள்ளித் தம்பியின் வாயில் விட்டாள். ஒரு வாய். இரண்டு வாய். தம்பி இருமினான், கண்ணைத் திறந்தான், பிறகு ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதான். அந்த அழுகையைக் கேட்டு அவர்கள் சிரித்ததைப் போல அவர்கள் வாழ்நாளில் சிரித்ததில்லை.

வண்டி கிளம்பும் நேரம். நண்டு மட்டும் குழி குழியாக ஓடிக்கொண்டிருந்தது. "பானை கிடைக்கலையே?"

"போனது போகட்டும் விடு. ஒன் கணக்க நம்பித் தோண்டினதாலதான் இந்தத் தண்ணியே கிடைச்சுது" என்றான் வெள்ளையன்.

"அது வேற. என்னைய நம்பிக் கொடுத்தது பானை" என்றது நண்டு.

சிட்டாளுக்கு மனசு கேட்கவில்லை. வண்டியிலிருந்து குனிந்து சொன்னாள். "தேடிட்டே இருங்க மாமா. அடுத்த வெயில் காலம் வந்தா நானும் வந்து ஒங்ககூடத் தோண்டுறேன்."

நண்டு தேடத் தொடங்கியது. பானை இந்நேரம் உடைந்து சில்லுச் சில்லாகியிருக்கும் என்று, ஒவ்வொரு கவளம் மணலாக வாயில் போட்டுச் சலித்துப் பார்த்தது. சில்லு இல்லாத மணலைச் சின்ன உருண்டையாக உருட்டித் தள்ளி வைத்தது. பார்த்த மணலையே மறுபடி பார்க்கக் கூடாதல்லவா? கரையெல்லாம் உருண்டை. அப்புறம் கடல் ஏறி வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் போகும். எது பார்த்தது, எது பார்க்காதது? நண்டுக்குத் தலை சுற்றும். மறுபடி முதல் உருண்டையிலிருந்து ஆரம்பிக்கும்.

அந்த நண்டின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றுவரை மணலை உருட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். ஆள் நடமாட்டம் கேட்டால் வளைக்குள் ஓடி ஒளிவது பயத்தால் அல்ல. "பானை கிடைச்சுதா?" என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற வெட்கத்தால்.

நீங்களும் கோடை விடுமுறையில் கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். செருப்பைக் கழற்றியதும் என்ன செய்தீர்கள்? குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலைத் தோண்டினீர்கள். எதற்கு என்று அம்மா கேட்டபோது உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. சிட்டாள் வாக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்த நாளிலிருந்து, கடலுக்கு வருகிற எந்தப் பிள்ளைக்கும் தோண்டாமல் இருக்க முடிவதில்லை.