வேம்பன் மேடு

பிள்ளைகளும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

வெகு காலத்துக்கு முன்னால், ஆற்றங்கரை நாடு ஒன்றை மாநாகன் என்ற அரசன் ஆண்டு வந்தான். ஒரு மழைக்காலத்தில் எதிரிப் படை ஆற்றைக் கடக்க வந்தது. வேம்பன் என்ற சிப்பாய் தனி ஆளாகத் துறையில் நின்று தடுத்தான். அதற்குள் அரசனின் படை வந்து சேர்ந்தது, நாடு பிழைத்தது. வேம்பனை மட்டும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அரசன் அழுதான், நாடே அழுதது. "வீட்டுக்கு ஒரு கூடை மண் கொண்டு வாருங்கள், வேம்பனுக்கு ஒரு மேடு எழுப்புவோம்" என்று முரசறைந்தார்கள். மேடு பனையை மிஞ்சியது, கோபுரத்தை மிஞ்சியது, பக்கத்துக் குன்றையும் மிஞ்சியது. உச்சியில் ஏறினால் ஆறு தெரியும், வயல் தெரியும், தூரத்துக் கடலும் தெரியும். அயல்நாட்டார் யார் வந்தாலும் அரசன் முதலில் அங்கேதான் அழைத்துப் போவான். "எங்கள் நாட்டின் பெருமை இதுதான்" என்பான்.

சில வருடங்கள் போயின. மேட்டில் திருவிழா நடந்த ஒரு நாள், தாடியும் மீசையுமாக ஒருவன் நொண்டிக்கொண்டே உச்சிக்கு ஏறி வந்தான். "அந்த வேம்பன் நான்தான்" என்று பூக்காரியிடம் சொன்னான். அவள் சிரித்தாள். பூசாரியிடம் சொன்னான். அவர் திட்டினார். திருவிழாவுக்கு வந்திருந்த அரசனிடம் போய்ச் சொன்னான். அரசன் அவன் முகத்தை உற்றுப் பார்த்தான், பேயறைந்தவன் போல நின்றுவிட்டான்.

வேம்பனேதான். கரை ஒதுங்கியவனை எதிரிகள் பிடித்துச் சிறையில் போட்டிருந்தார்கள். இப்போதுதான் தப்பி வந்திருக்கிறான்.

அரசன் அவனைக் கட்டிக்கொண்டிருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அமைச்சர் அரசனின் காதைக் கடித்தார். "உயிரோடு இருக்கிறவனுக்கா மேடு கட்டினீர்கள் என்று ஊர் உலகம் சிரிக்குமே, அரசே."

அரசன் தலையாட்டினான். "வேம்பா, நீ செத்தவனாகவே இருந்துவிடு. நாட்டை விட்டுப் போய்விடு. இங்கே தங்கினால் இந்த மேட்டுக்குள்ளேயே உன்னைப் புதைத்துவிடுவேன்."

அடப்பாவி, நாட்டைக் காப்பாற்றியவனிடம் பேசுகிற பேச்சா இது?

வேம்பன் கும்பிட்டான். "போகிறேன் அரசே. என் பெண்டாட்டி செம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் எங்கே இருக்கிறாள்?"

அரசன் அமைச்சரைப் பார்த்தான். அமைச்சர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி தரையைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போது, மழையில் கரைந்த இடத்தை அடைக்க, எலும்பும் தோலுமாக ஒருத்தி மண் கூடையோடு மேலே வந்தாள். அவள்தான் செம்பி. புருஷன் போன பிறகு அவளை ஏனென்று கேட்க நாதியில்லை, குடியிருந்த வீடும் போய்விட்டது. ஒரு வேளைக் கஞ்சிக்காக அவன் மேட்டுக்கே மண் சுமந்துகொண்டிருந்தாள்.

அவனைப் பார்த்ததும் கூடை நழுவி விழுந்தது. "வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டாள்.

அரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இரண்டு பேரையும் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு வா" என்று காவலனுக்கு உத்தரவிட்டான்.

காவலன் நகரவில்லை. "அரசே, நாளைக்கு நான் ஆற்றுத் துறைக் காவலுக்குப் போகிறேன். நானும் உயிரோடு திரும்பி வரக் கூடாதா? என் பெண்டாட்டியும் இங்கே வந்து மண் சுமக்க வேண்டுமா?"

அவன் ஈட்டியைக் கீழே வைத்தான். பக்கத்தில் நின்றவனும் வைத்தான். பிறகு எல்லோரும் வைத்தார்கள்.

அரசன் தரையில் கிடந்த ஈட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசியில், "வீட்டுக்குப் போ, வேம்பா" என்றான்.

"எந்த வீட்டுக்கு, அரசே?" என்று கேட்டாள் செம்பி.

அரசன் அவள் நழுவவிட்ட மண் கூடையைப் பார்த்தான்.

செத்தவர்களுக்குச் சின்னம் எழுப்பிவிட்டு, உயிரோடு இருப்பவர்களைக் கைவிடுவது நன்றியே ஆகாது.