வளையல் கட்டிய ஆடு

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டை விடங்கர் என்ற ராஜா ஆண்டுவந்தார். ராஜா என்றால் பரம்பரை ராஜா இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஜனங்கள் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவார்கள். யார் பெயர் அதிகமோ அவருக்கே சிம்மாசனம். சுத்தமான குடியரசு!

ஆனால் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒரு திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் ராஜாவின் மனைவி செம்பியாள் உட்கார்ந்திருப்பாள். யாராவது மனு வாசித்தால் ராஜா கண்ணை மூடிக்கொள்வார். வளையல் ஒருதரம் குலுங்கினால் சம்மதம். இருதரம் குலுங்கினால் மறுப்பு. அவள் பெயரை எந்த ஓலையிலும் யாரும் எழுதியதில்லை.

மந்திரி மதிசூடிக்கு இது வயிற்றெரிச்சல். ஓலையில் இல்லாதவள் ஆள்வதா என்று ஊரெல்லாம் சொல்லிவந்தார். அவருடைய ஊரான ஆலங்குப்பத்தில் பயிர் காய்ந்துகொண்டிருந்தது. ஏரி மடையைத் திறக்கச் சொல்லி மனு வாசித்தார். வளையல் இருதரம் குலுங்கியது. ஏரி நீரை நம்பிக் கரையில் தோப்பு வைத்திருந்த தண்டீசர் என்ற சபைக்காரர் மீசைக்குள் சிரித்தார்.

செம்பியாள் தம்பி கல்யாணத்துக்குப் பிறந்தகம் போன சமயம் பார்த்து, மதிசூடி ஓர் ஆட்டைத் திரைக்குப் பின்னால் கட்டினார். கழுத்தில் ஒரு கொத்து வளையல், எதிரில் அகத்திக்கீரை. அம்மா ராத்திரியே திரும்பிவிட்டதாகச் சபையில் சொல்லிவைத்தார்.

அன்று ஆடு கீரையை இழுத்த இழுப்பில் இரண்டு வரி ஏறியது. ஒரு பாலம் ரத்தானது. தண்டீசர் கோட்டைத் தலைவரானார்.

"அம்மாவின் தீர்க்கதரிசனமே தனி!" என்று தண்டீசர் கும்பிட்டார்.

மதிசூடி திரையை இழுத்தார். ஆடு தண்டீசரைப் பார்த்து "மே" என்றது.

சபையே தலைகுனிந்தது. ராஜா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "பலே, மந்திரி! என்ன வேண்டும், கேளும்."

"திரையைக் கழற்றுங்கள், மகாராஜா. ஆலங்குப்பத்து மடையைத் திறக்க உங்கள் வாயால் உத்தரவு கொடுங்கள்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. பழக்கத்தில் திரைப்பக்கம் திரும்பினார்.

"என் வாயாலா? நாளைக்குத் தப்பாய்ப் போனால் என்னை அல்லவா திட்டுவார்கள்! திரை இருக்கட்டும். ஆடும் இருக்கட்டும். அதற்கு அண்ணன் தம்பி கிடையாது, சொந்தபந்தம் கிடையாது. யாரும் குறை சொல்ல முடியாது பாரும்!"

சபை கைதட்டியது. மந்திரிக்கு ஒரு மோதிரம் கிடைத்தது. அவருக்கு அழுகை வந்தது.

செம்பியாள் ஊர் திரும்பியதும் மதிசூடி அவளிடம் ஓடிப்போய் நின்றார். "அம்மா, மறுபடி வந்து உட்காருங்கள்."

"நான் ஓலையில் இல்லாதவள் என்று ஊரெல்லாம் சொன்னீரே மந்திரியாரே, ஆடு மட்டும் ஓலையில் இருந்ததா?"

மதிசூடி விரலில் இருந்த மோதிரத்தைத் திருகினார்.

"மடையைத் திறக்க வேண்டாமென்று தண்டீசர் நேரில் வந்து சொன்னார், மறுத்தேன். தப்புதான். நீர் ஒருநாள் வந்து உம் பக்கத்தைச் சொல்லியிருந்தால் திறந்திருப்பேன். ஒரு பொம்பளையிடம் போய்க் கேட்பதா என்று இருந்துவிட்டீர். எனக்குக் காதாவது இருந்தது." கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை மதிசூடி ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிக்கொண்டு அரண்மனைக்குப் போனார். வாசலில் ஊரே கீரையோடு வரிசையில் நின்றது. யாருக்கும் வெட்கமில்லை. முதல் ஆளாகத் தண்டீசர் ஒரு வண்டிக் கீரையோடு நின்றார்.

மதிசூடியின் முறை வரும்போது உச்சிவேளை. வயிறு புடைத்த ஆடு காலை நீட்டிப் படுத்திருந்தது. அவர் மனுவை வாசித்தார். வளையல் அசையவில்லை. இன்னொருதரம் உரக்க வாசித்தார்.

"சத்தம் வரலீங்க, நாளைக்கு வாங்க" என்றான் சேவகன்.

வெளியே ஆலங்குப்பத்து ஆட்கள் காத்திருந்தார்கள். "ஐயா, என்ன உத்தரவு ஆச்சு?"

மோதிரம் போட்ட கையில் கீரை வாடித் தொங்கியது.

"தூங்குது" என்றார் மந்திரி.

அந்த வருஷம் ஆலங்குப்பத்தில் கதிர் அறுக்க யாரும் அரிவாளைத் தீட்டவில்லை.