பெரெக்கோட சாவுப் பதிவு

போலந்துல ஒரு சின்ன ஊரு. விடிஞ்சா ஆன்ஷெலோட பச்சைக் குழந்தைக்குப் பேர் வைக்கணும். செத்துப்போன பெரியவங்க பேரைத்தான் பிள்ளைக்கு வைக்கிறது அங்க யூதர்கள் வழக்கம். கொள்ளுத்தாத்தா பெரெக் பேருதான்னு வீடே முடிவு பண்ணியிருந்துச்சு. அவர் பொறந்த தேதியைப் பாத்துட்டு வரலாம்னு பதிவாபீசுக்குப் போன ஆன்ஷெல், பேயறைஞ்ச மாதிரி வந்து தன் மதகுரு ரப்பி ஹெர்ஷ் முன்னால நின்னான்.

"ரப்பி, பெரெக் பதினோரு வயசுல செத்துட்டாராம். ரஷ்ய ஜார் நம்மளை ஆண்ட காலத்துப் பதிவுல இருக்கு."

"எந்தப் பெரெக்? எண்பது வயசுலயும் என்னைத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சாரே, அவரா?" ரப்பி அந்தப் பொக்கைவாய்க் கிழவர் மாதிரியே உதட்டைக் குவிச்சுக் கேட்டாரு.

ஆன்ஷெலுக்குச் சிரிப்பு வரல.

"அப்போ அந்தக் கிழவர் யாரு? நான் யார் வீட்டுப் பிள்ளை? நாளைக்கு யார் பேரை வைக்கிறது?"

"செத்துட்டான்னு சொன்னது யாரு?"

"அவரோட அப்பாவேதான். சாட்சிக் கையெழுத்து..." ஆன்ஷெல் ரப்பி முகத்தைப் பாத்தான். "உங்க தாத்தாவோடது. அப்போ அவருதானே இந்த ஊர் ரப்பி."

ரப்பி மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நாற்காலியில உக்காந்தாரு. முதுகை விறைச்சுக்கிட்டு மூக்காலேயே பேச ஆரம்பிச்சாரு.

"நான் ஜார் மன்னரோட குமாஸ்தா. நீ பையனோட அப்பன். அடுத்த மாசம் அவனுக்குப் பன்னெண்டு முடியுது. பட்டாளத்துக்குப் பிள்ளை பிடிக்கிற வண்டி வாசல்ல நிக்குது. ஏறினான்னா இருபத்தஞ்சு வருஷம். சொல்லு, பையன் எங்கே?"

ஆன்ஷெலுக்கு வீட்டுல தூங்குற பிள்ளை ஞாபகம் வந்துச்சு.

"சீக்கிரம்யா. எனக்குச் சாப்பாட்டு நேரம்."

"செத்துட்டான் ஐயா."

"பேரு?"

"பெரெக்."

"நீ சொன்னாப் போதுமா? பொணத்தைப் பாத்த சாட்சி யாரு?"

ஆன்ஷெல் திரும்பிப் பாத்தான். பின்னால ஒருத்தரும் இல்ல.

ரப்பி எழுந்தாரு. மேஜையைச் சுத்தி வந்து அவன் பக்கத்துல நின்னாரு. காலி நாற்காலியைப் பாத்துப் பேசினாரு. இப்போ அது அவரோட சொந்தக் குரல்.

"நான் பாத்தேன். குழியை நானே மூடினேன்."

அப்புறம் குனிஞ்சு ஆன்ஷெல் காதுல சொன்னாரு:

"வெளிய என்ன பேர் வேணா சொல்லிக்கோ. வீட்டுல அவனைப் பெரெக்னே கூப்பிடு."